கடலில் நின்ற நீலப் புள்ளி

முதல் நாள் அந்தப் புள்ளியைப் பார்த்தபோது அடுப்பில் குழம்பு பொங்கி வழிந்ததுகூட எனக்குத் தெரியவில்லை. போன் திரை முழுக்க நீலம். ஓரத்தில் வளைந்து வளைந்து ஒரு கோடு, அதுதான் எங்கள் திருவொற்றியூர்க் கரை. கோட்டுக்கு வெளியே, தண்ணீருக்கு நடுவில், ஒரு சின்ன வட்டத்துக்குள் என் புருஷனின் முகம். ஏதோ கல்யாணத்தில் எடுத்த படம், நெற்றியில் சந்தனத்தோடு. அந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாக வடக்கே நகர்ந்துகொண்டிருந்தது.

"போறாரு! போறாரு!" என்று கத்திவிட்டேன். பக்கத்து வீட்டுத் தையல்காரி கழுத்தில் தொங்கும் டேப்போடு ஓடி வந்தாள்.

"இன்னாக்கா, இன்னா ஆச்சு?"

"எங்க வூட்டுக்காரு போறாருடி, இங்க பாரேன்!"

"அதான் டெய்லி போறாரே. இன்னிக்கு இன்னா புச்சா?"

"டெய்லி போறாரு. இன்னிக்குத்தான் நான் பாக்குறேன்."

அவள் சிரித்தாள். சிரிப்பாள், அவளுக்கு இது பழகிப்போன விஷயம். அவள் புருஷன் துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவர். எண்ணூர் ரோட்டில் லாரிகள் வரிசையில் நின்றால் நின்றதுதான். "மனுசன் தின்னாரா தூங்கினாரா தெரியாது, ஆனா எங்க கீறாருன்னு மட்டும் தெரியுது" என்று போனைக் காட்டிச் சொல்லுவாள். எனக்கு லொகேஷன் ஷேர் பண்ணுவது என்றால் என்ன என்று சொல்லிக்கொடுத்தது அவள்தான்.

நான் ஏழாவதோடு நின்றவள். எழுத்துக் கூட்டிப் படிப்பேன். ஆனால் போனில் எதை அமுக்கவும் பயம். எதையாவது தொட்டுப் பணம் போய்விட்டால், போட்டோ யாருக்காவது போய்விட்டால் என்று விரலைத் தூக்கிக்கொண்டே யோசிப்பேன். போன் மட்டும் இல்லை, எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். காற்று அடித்தால் பயம், அடிக்காவிட்டால் பிறகு பெரிதாக அடிக்கப்போகிறதோ என்று பயம். போட் வர நேரமானால் கரையில் கொட்டியிருக்கும் கற்கள்மேல் ஏறி நின்றுவிடுவேன். தெருவில் என்னைப் பார்த்தே மணி சொல்லுவார்கள்: "அவ கல்லு மேல ஏறிட்டா, போட்டு லேட்டு."

ஒரு தடவை இன்ஜின் நின்றுபோய், அவரும் என் தம்பியும் கூடப் போன ஆளும் சாயங்காலம்தான் கரைக்கு வந்தார்கள். அன்றைக்கு நான் அழுத அழுகையைப் பார்த்துத்தான் என் புருஷன் லொகேஷன் அனுப்ப ஒத்துக்கொண்டார். அதுவும் சும்மா இல்லை.

"எவன் கைலயும் போனக் குடுக்கக் கூடாது. உங்கம்மா கைலகூட."

"எங்கம்மாவுக்கு போனே புடிக்கத் தெரியாது."

"அதான் சொல்றேன். எங்கனா அமுக்கி வுட்ரும்."

அவர் இப்படிப் பேசியதற்குக் காரணம் இருந்தது. கடலுக்கு அடியில் கல்லும் சிப்பியும் மேடு கட்டிக் கிடக்கும் இடத்தை நாங்கள் பார் என்போம். அங்கேதான் மீன் அடையும். ஒரு பார் கிடைத்துவிட்டால் அந்தப் போட்டுக்கு அதுதான் சோறு. அதனால் யாருக்கும் சொல்ல மாட்டார்கள், பெண்டாட்டிக்கும் சொல்ல மாட்டார்கள். என் புருஷன் நேராகப் பாருக்குப் போகவே மாட்டார். வடக்கே கொஞ்ச தூரம் ஓட்டி, கண்ணுக்கெட்டிய வரை வேறு போட் இல்லை என்று பார்த்த பிறகுதான் திரும்புவார். யாராவது கிட்டே வந்தால் தூண்டிலை இழுத்துவிட்டு, இன்ஜின் ரிப்பேர் மாதிரி மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்காருவார். கரைக்கு வருவதற்கு முன்னால் நங்கூரத்தைக் கழுவுவார். அதில் சிப்பித் தூள் ஒட்டியிருந்தால் கரையில் சும்மா உட்கார்ந்திருக்கிறவர்கள்கூட "ஓகோ, பார் மேல நின்னுருக்கான்" என்று கண்டுபிடித்துவிடுவார்களாம். பல் துலக்குகிற மாதிரி பிரஷ் வைத்துத் தேய்ப்பார்.

அப்படிப்பட்ட மனுஷனின் புள்ளி என் கையில் நின்றது! வடக்கே போய், திரும்பி, ஓர் இடத்தில் நின்றேவிட்டது. கல்யாணம் ஆன நாளிலிருந்து எனக்குச் சொல்லாத இடம். தையல்காரி எட்டிப் பார்த்தபோது போனைக் கவிழ்த்து வைத்துக்கொண்டேன்.

"யக்கா, எல்லாம் நீலமாத்தான் கீது. இதுல இன்னாத்த மறைக்கிற?"

"நீ பாக்காத. பாவம் சுத்திக்கும்."

"எனக்கு நீச்சலே தெரியாது, நான் போயி மீன் புடிக்கப் போறனா?"

அந்த நாட்கள் எனக்குத் திருவிழா மாதிரி இருந்தன. துணி துவைக்கும்போது ஒரு பார்வை, அரிசி களையும்போது ஒரு பார்வை. அவர் கரைக்குத் திரும்புகிறார் என்று புள்ளி சொன்னதும் நான் மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு முன்னாடியே போய் நிற்பேன். "இன்னா, கல்லு மேல ஏறலியா?" என்று மற்ற பெண்கள் கேட்பார்கள். "ஏறுறதில்ல. டெக்னாலஜி" என்பேன்.

பிறகுதான் பேஜாரு ஆரம்பித்தது.

எங்கள் மீனை எடுக்கிற வியாபாரிக்குச் சொந்தமாக இரண்டு போட் உண்டு. அந்த இரண்டும் ஒரு நாள் எங்கள் பாருக்குப் பக்கத்தில் வலை விட்டுக்கொண்டு நின்றன. மறுநாளும் நின்றன. தற்செயல் என்று நினைத்து என் புருஷன் தன்னிடம் இருந்த இன்னொரு பாருக்குப் போனார். கொஞ்ச நாளில் அங்கேயும் அவர்கள். மீன் கலைந்துபோனது. வெறும் கூடையோடு நான் மார்க்கெட்டுக்குப் போகாமலே உட்கார்ந்திருந்த நாட்கள் அவை. இனி மிச்சம் இருந்தது ஒரே ஒரு பார். என் மாமனார் காட்டிவிட்டுப் போனது. அவசரத்துக்கு என்று இவர் அதைத் தொடாமலே வைத்திருந்தார். கூட வருகிறவர்களுக்கும் காட்டியதில்லை.

"அங்க போறதுக்கு முன்னாடி ஓட்டைய அடைக்கணும்" என்றார் ஒரு நாள். எந்த ஓட்டை என்று எனக்குப் புரியவில்லை.

அன்று மத்தியானம் தம்பி எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். இவர் வாசலைப் பார்த்தபடியே சொன்னார்: "நாளைலேர்ந்து நீ வர வாணாம்."

தம்பி விளையாட்டு என்று நினைத்தான். "ஏன் மாமா, எனக்கு ஒடம்பு நல்லாத்தான கீது?"

"வாணாம்னா வாணாம்."

"காரணத்தச் சொல்லு."

"ஒன் சகல எவன் போட்ல கீறான்?"

சகலை, அதாவது தம்பி பெண்டாட்டியின் அக்கா புருஷன், அந்த வியாபாரியின் போட்டில்தான் வேலை செய்கிறான். தம்பியின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

"மாமா, என் புள்ள மேல சத்தியமா நான்..."

"புள்ளைய இழுக்காத."

அவன் எழுந்து கை கழுவினான். செருப்பைப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்து, "யக்கா, கொயம்பு நல்லா இருந்திச்சி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டான். தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது.

நான் எந்தப் பக்கம் பேசுவேன்? ஒரு பக்கம் புருஷன், ஒரு பக்கம் கூடப் பிறந்தவன். தம்பி சொல்லியிருக்க மாட்டான் என்று அடித்துச் சொல்ல என்னால் முடியும், ஆனால் பின்னே யார் சொன்னது என்று கேட்டால்? அவன் பெண்டாட்டிக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. இந்தப் பார் சண்டையில் எனக்கு ஒரு அம்மா வீடு இல்லாமல் போய்விடும்போலிருந்தது.

இதற்கு நடுவில் என் புள்ளியும் நின்றுபோனது. இவர் தினமும் கிளம்பும்போது ஞாபகமாக வாட்ஸப்பில் அமுக்கி அனுப்பினால்தான் எனக்கு லொகேஷன் வரும், அது எட்டு மணி நேரத்துக்குத்தான் ஓடும். கோபத்தில் அவர் அமுக்க மறந்தார். தையல்காரிதான் வழி சொன்னாள்.

"மேப்லயே போட்டுடுக்கா. நாம நிறுத்துற வரிக்கும் அது பாட்டுக்கு ஓடிக்கினே இருக்கும்."

சாயங்காலம் இவர் பாயில் படுத்திருந்தார். போனைக் கேட்டேன். "இன்னாவோ பண்ணு" என்று நீட்டிவிட்டுத் திரும்பிப் படுத்தார். நாங்கள் இரண்டு பேரும் வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்தோம். அவள் மேப்பைத் திறந்து, மூலையில் இருந்த இவர் படத்தைத் தொட்டு, இருப்பிடம் பகிர்வது என்று எழுதியிருந்த வரியை அமுக்கினாள். அமுக்கினவள் கையை எடுத்துக்கொண்டாள்.

"யக்கா, இங்க ஏற்கெனவே ஒருத்தரு கீறாரு."

"யாரு, நானா?"

"நீயில்ல. மீசக்காரரு. பைக்கு மேல சாஞ்சிக்கினு கீறாரு."

வாங்கிப் பார்த்தேன். எங்கள் வியாபாரி. கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு, வட்டத்துக்குள் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே ஒரு வரி. எழுத்துக் கூட்டி வாசித்தேன். "நீங்கள் நிறுத்தும் வரை." இன்னொரு தடவை வாசித்தேன். ஏழாவது வரை படித்த படிப்பு இந்த ஒரு வரியை வாசிக்கத்தான் என்று தோன்றியது!

"யோவ், எந்திரி! எந்திரியா!"

"இன்னாடி, வூடு பத்திக்கிச்சா?"

"ஓட்ட ஓட்டன்னியே, ஓட்ட ஒன் சட்டப் பையிலதான்யா கீது!"

அவர் எழுந்து உட்கார்ந்து திரையைப் பார்த்தார். முதலில் புரியவில்லை. தையல்காரி நிதானமாகச் சொன்னாள்: "அண்ணா, இந்த ஆளு அவரு போனத் தொறந்தா நீங்க எங்க கீறீங்கன்னு தெரியும். எப்ப வேணா. கடல்லயும்."

அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. சில மாதங்களுக்கு முன்னால் எங்கள் கரையில் அலை அதிகம் என்று போட்டை எண்ணூர்ப் பக்கம் மணலில் ஏற்றியிருந்தார்கள். மீன் எடுக்க வேன் வர வேண்டும், இடம் தெரியவில்லை. வியாபாரி போனிலேயே "அத்தத் தொடு, இத்தத் தொடு" என்று சொல்லிச் சொல்லி லொகேஷன் வாங்கினார். வேன் வந்தது, மீன் போனது, இவர் மறந்துவிட்டார். வேண்டுமென்றே அந்த வரியை அமுக்கச் சொன்னாரா, தானாக விழுந்ததைப் பிறகு லாபமாக்கிக்கொண்டாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் இவர் நங்கூரத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிய நேரமெல்லாம், பிளாஸ்டிக் கவருக்குள் பத்திரமாக இருந்த போன் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது.

நான் நிறுத்து என்ற இடத்துக்கு விரலைக் கொண்டுபோனேன்.

"கைய எடு! அமுக்காத!"

"ஏன்யா?"

"நாளிக்கு நான் அந்தக் கடைசிப் பாருக்குப் போறேன். போன் வேற எங்கனா போவட்டும். அவன் போன் பின்னாடியே போவட்டும்." அவர் முகத்தில் நான் ரொம்ப நாளாகப் பார்க்காத ஒரு சிரிப்பு. "நெசமாவே பாத்துக்கினு கீறானான்னு தெரிஞ்சிடும்ல?"

எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் ஒன்று பாக்கி இருந்தது.

"மொதல்ல தம்பி வூட்டுக்குப் போ."

"நீ போன் பண்ணிச் சொல்லிடு."

"போனு பண்ண வேல போதாதா? நட."

சட்டையை மாட்டிக்கொண்டு நடந்தார். தம்பி அவன் வீட்டு வாசலில் நண்டு வலை பிரித்துக்கொண்டிருந்தான். மறுநாள் வேறு ஒருவர் போட்டில் நண்டுக்குப் போவதாகச் சொல்லியிருந்தானாம். எங்களைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. நான் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். அவன் வலையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டான்.

"அப்ப நான் இல்ல."

"நீ இல்லடா" என்றேன்.

"நீ சொல்ல வாணாம்க்கா. அவரு சொல்லட்டும்."

இவர் தொண்டையைச் செருமினார். தெருவில் போன சைக்கிளைப் பார்த்தார். பிறகு, "நீ இல்ல மச்சான்" என்றார். "நான்தான்."

தம்பி வலையைக் கீழே வைத்தான். "போன எங்க எட்த்துக்கினு போவணும், அத்தச் சொல்லு. சொறி கூட்டமா கீற எடம் எனக்குத் தெரியும்." சொறி என்றால் கண்ணாடி மாதிரி மிதக்கும் கொழகொழ உயிர், பட்டால் அரித்து எடுத்துவிடும். வலையில் ஏறினால் அன்றைய பிழைப்பு போச்சு.

இவர் போனை அப்போதே கொடுக்கப் போனார். நான் தடுத்தேன். "ராத்திரி முழுக்க புள்ளி இங்க நின்னா அந்த ஆளுக்குச் சந்தேகம் வராதா? காலைல கரையிலயே குடு." இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என் பயம் ஒரு காரியத்துக்கு உதவியது அன்றைக்குத்தான்.

விடிந்ததும் எங்கள் போட்டும் தம்பி ஏறிய நண்டு போட்டும் கிளம்பின. இவர் போனில் இப்போது என்னையும் சேர்த்திருந்ததால் புள்ளி எனக்கும் தெரிந்தது. முகம் அவருடையது, போவது என் தம்பி. அவர் எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. முன்னெல்லாம் தெரியாமலேதானே இருந்தேன், ஆனால் ஒரு தடவை பார்த்துப் பழகிவிட்ட பிறகு தெரியாமல் இருப்பது வேறு மாதிரி இருந்தது. கூடப் போன ஆளிடம் பட்டன் போன் ஒன்று உண்டு. அதில் கூப்பிடக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். நான் கூப்பிட விரலை வைப்பேன், எடுப்பேன். தையல்காரி என் போனையே பிடுங்கி மிஷின்மேல் வைத்துக்கொண்டாள்.

புள்ளி தெற்கே போய் நின்றது. நின்று ரொம்ப நேரம் ஆகவில்லை, தம்பி அவன் சொந்தப் போனிலிருந்து கூப்பிட்டான். குரலை ஒடுக்கிக்கொண்டு பேசினான், நடுக்கடலில் யார் கேட்கப்போகிறார்களோ.

"யக்கா, வந்துட்டானுங்கக்கா! ரெண்டு போட்டும்!"

"ஒன்னப் பாத்துட்டானுங்களா?"

"கிட்ட வரல. தூரத்துல நிக்கிறானுங்க. நான் தலைல துண்டப் போட்டுக்கினு குனிஞ்சிக்கினு கீறேன். யக்கா... யக்கா, வல எறக்குறானுங்க!"

நானும் தையல்காரியும் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தோம். அவள் தைக்க வைத்திருந்த பாவாடைத் துணி எல்லாம் தரையில் விழுந்தது.

மத்தியானம் வியாபாரியின் போட்டுகள்தான் முதலில் கரை ஏறின. வலை முழுக்கக் கொழகொழ. ஆட்கள் இறங்கும்போதே முழங்கையைத் தேய்த்துக்கொண்டு இறங்கினார்கள். கூடையோடு நின்ற பெண்கள் விடுவார்களா?

"இன்னாபா, டான்ஸ் ஆடிக்கினே வர்றீங்க?"

"ஜெல்லி கிலோ எவ்ளோ நைனா?"

வியாபாரி பைக்கை நிறுத்திவிட்டு, பின்னாலேயே கரை ஏறிய தம்பியையும் அவன் நண்டுக் கூடையையும் மாறி மாறிப் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. கேட்டால், உனக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வி வருமே. எங்கள் போட் மட்டும் வரவில்லை. எனக்குச் சிரிப்பெல்லாம் வடிந்துபோனது. கல்மேல் ஏறிவிட்டேன். கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்து, கடைசியில் ஒரு போட் பாரத்தில் அழுந்தி மெதுவாக வருவது தெரிந்தது. சங்கரா மீன்! சிவப்புச் சிவப்பாக, போட்டின் அடி முழுக்க.

வியாபாரி பக்கத்தில் வந்தார். "பரவால்லியே. இன்னிக்கு எந்தப் பக்கம் போன?"

என் புருஷன் மீனைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஏன் நைனா, ஒனக்குத் தெரியாதா?"

அந்த மீசை ஆடவே இல்லை. தம்பி வந்து போனை என் கையில் கொடுத்தான். நான் எல்லார் முன்னாலும், அந்த ஆள் பார்க்க, மேப்பைத் திறந்தேன். வியாபாரி படத்தைத் தொட்டேன். நிறுத்து என்று இருந்தது. அமுக்கினேன். வட்டம் போய்விட்டது. இவ்வளவுதானா என்று இருந்தது, இன்னொரு தடவை அமுக்க வேண்டும்போலவும் இருந்தது. அன்றைய சங்கராவை வேறு வியாபாரிக்குத்தான் கொடுத்தோம்.

மாமனும் மச்சானும் அதற்குப் பிறகும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. "நாளிக்கு எப்ப?" என்று தம்பி கேட்டான். "எப்பவும்போலத்தான்" என்று இவர் சொன்னார். அதோடு சரி. அவன் மனதில் இருப்பது போய்விட்டதா இல்லையா என்று எனக்கு அன்று முழுக்கக் குடைச்சல்.

மறுநாள் காலை போனைத் திறந்தேன். இப்போது அந்தப் புள்ளியைப் பார்க்க உலகத்தில் என் ஒருத்திக்குத்தான் வழி. அது பறந்துகொண்டிருந்தது. என் புருஷன் எரிபொருளுக்குப் பயந்து கட்டை வண்டி மாதிரி ஓட்டுகிற ஆள். இன்ஜினை வேறு யாருக்கும் தர மாட்டார், தம்பி எத்தனையோ தடவை கேட்டும் தந்ததில்லை. அந்தப் புள்ளி போன வேகம் அவருடைய வேகமே இல்லை. வடக்கே ஒரே பாய்ச்சல், சடாரென்று ஒரு திருப்பம், மறுபடி பாய்ச்சல். பார் எங்கே இருக்கிறது என்று சொல்லிக்கொடுத்து, இன்ஜினையும் தம்பி கையில் கொடுத்துவிட்டு, இவர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

கண்ணில் தண்ணீர் வந்தது. துடைத்துக்கொண்டு இவர் போனுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டேன்.

"டேய் தம்பி, மெதுவா ஓட்டுடா! நான் பாத்துக்கினுதான் கீறேன்!"